நாலு எலுமிச்சம்பழமும் ஒரு வாடகைக் காரும்

மலேசியாவில், மலாக்கா பக்கத்து டுரியான் துங்காலில் காளியம்மாவின் பள்ளி வேனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் அந்த ஊருக்குக் குடிவந்திருக்க வேண்டும். செம்பனைக் காட்டு மண் சாலையில் வண்டி பழகியவள். காலையில் பிள்ளைகள் ஏறியதும் திரும்பி ஒரே கேள்விதான் கேட்பாள்: "பெல்ட் போட்டாச்சா? போட்டாத்தான் வண்டி நகரும்!" அழுதாலும் நகராது, பள்ளி மணி அடித்தாலும் நகராது.

அந்த வேனில் ஒரு நாளும் ஏறாத ஆள் ஒருவர் உண்டு. வேறு யார், அவள் வீட்டுக்காரர் அப்புசாமிதான். "பொம்பள ஓட்டுற வண்டில நான் போய் உக்காரவா?" என்று மழையிலும் மோட்டார் சைக்கிளில்தான் போவார். நனைந்து வந்து தும்முவார். அப்படி ஒரு வீம்பு.

அவர்கள் மகள் ஷாந்தினி உபகாரச் சம்பளத்தில் நியூசிலாந்து போய்ப் பல் மருத்துவம் படித்தாள். டனீடன் நகரில் பட்டமளிப்பு. அதைப் பார்க்கப் புறப்பட்ட இருவரும் கிறைஸ்ட்சர்ச்சில் விமானம் இறங்கி, மறுநாள் காலை டனீடன் பேருந்துக்கு வெள்ளெனவே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். "மூவார்! மூவார்! கேஎல்! கேஎல்!" என்று காது கிழியக் கூவி, பையைப் பிடுங்காத குறையாக ஏற்றி அனுப்புவார்கள். அந்த நினைப்பில் இருவரும் யாராவது 'டனீடன்' என்று கூவட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு பேருந்து வந்தது. ஆட்கள் வாயைத் திறக்காமல் வரிசையாக ஏறினார்கள். கதவு மூடியது, போய்விட்டது. அதுதான் டனீடன் பேருந்து!

விழா மறுநாள் காலை. அடுத்த பேருந்தும் மறுநாள் காலைதான். அது போய்ச் சேர்வதற்குள் மகள் மேடை ஏறி இறங்கியிருப்பாள். விமானத்திலும் இடமில்லை.

"போச்சு! புள்ள பட்டம் வாங்குறத பாக்க நமக்குக் குடுத்து வைக்கல," என்று அப்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

காளியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கொஞ்சம் சும்மா இருங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள். கைப்பையிலிருந்து அனைத்துலக லைசென்ஸை எடுத்தாள். ஊரில் அவள் அதற்கு எழுதிப்போட்டு வாங்கியபோது, "அங்க போயும் வேன் ஓட்டப் போறியா?" என்று சிரித்த மனிதர் இப்போது பைகளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

வாடகைக் கார் கிடைத்தது. நம் ஊர் போலவே வலப்பக்கம் ஸ்டியரிங், இடப்பக்கம் ஓட்டம். ஆனால் காளியம்மா உடனே ஏறவில்லை. எதிர்க்கடையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். சாவி கொடுத்த வெள்ளைக்காரப் பையன் பதறி ஓடி வந்தான்.

"சார், யுவர் இன்சூரன்ஸ் ஓகே. திஸ் ஒன் மை இன்சூரன்ஸ்லா!" என்றாள் காளியம்மா.

பழங்கள் நசுங்கின. கார் சாலைக்கு வந்தது.

அப்புசாமி கதவுக்கு மேலிருந்த பிடியை விடவே இல்லை. முதல் வட்டச் சாலைச் சந்திப்பில் கண்ணை மூடிக்கொண்டார். கடலோரத்தில் காற்று காரைத் தள்ளியது. அவள் வேகத்தைக் குறைத்து நிதானமாகப் பிடித்தாள். பின்னால் ஒருவன் அவசரப்பட்டபோது, ஒதுங்கி வழிவிட்டு, "போடா ராசா, ஒனக்கு வயித்தால போகுதோ என்னவோ!" என்றாள். அப்புசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை பிடியிலிருந்து இறங்கியது. ஆட்டு மந்தைகளைத் தாண்டும்போது பார்த்தால், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்! காளியம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் அவள் வண்டியில் ஏறவே மாட்டேன் என்றவர், அவள் கையை நம்பித் தூங்குகிறார். பொழுது சாய்வதற்குள் டனீடன் வந்தது.

மறுநாள் மண்டபத்தில் ஷாந்தினியின் பெயரைக் கூப்பிட்டதும் காளியம்மா விசிலடித்தாள். நிஜமாகவே, விரலை வாயில் வைத்து. அப்புசாமி பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார். 'டாக்டர் என் மகள்' என்றுதானே எந்த அப்பனும் சொல்வான்? இவர் சொன்னது வேறு: "கிறைஸ்ட்சர்ச் டு ஹியர், மை வைஃப் டிரைவ்! ஹோல் வே!" அந்த மனிதர் கைகொடுத்தார். அப்புசாமி அடுத்த ஆளைத் தேடிப் போனார்.

வெளியே வந்ததும் ஷாந்தினி கருப்பு அங்கியோடு காரைத் தட்டிப் பார்த்தாள். "அம்மா, நெசமாவே நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களா? அலாமாக்! சாவி குடுங்க, சாப்பாட்டுக்கு நான் ஓட்டுறேன்."

காளியம்மா சாவியைக் கொடுப்பதற்குள் அப்புசாமி முந்திக்கொண்டு, ஓட்டுபவருக்குப் பக்கத்து முன் சீட்டில் ஏறினார். மகளைப் பின்னால் கைகாட்டினார்.

"டாக்டரு பின்னாடி ஏறட்டும். பெல்ட் போட்டாத்தான் வண்டி நகரும். ஒங்கம்மா யாருன்னு நெனச்ச?"