சாந்தாமணி அக்கா பதிவு செய்த சத்தம்

சாந்தாமணி அக்கா இறந்துபோன செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் என் அச்சகத்தை அப்போதுதான் திறந்திருந்தேன். கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததும், புதிதாக எடுத்த வீடியோ ஏதோ அனுப்பியிருக்கிறார், வெட்டி ஒட்டித் தரவேண்டும் என்று நினைத்தேன். கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றைப் பிரித்து அடுக்கிய பிறகே திறந்து பார்த்தேன். அவருடைய கணவர் எழுதிய இரண்டு வரிகள் இருந்தன. விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதியவர் அவர். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எங்கள் அறக்கட்டளையின் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. தன்னைப் படம் பிடிக்க அவர் ஒருமுறைகூட விட்டதில்லை.

தண்ணீர் வராமல் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கு மூடி போடுவதுதான் எங்கள் வேலை. தகவல் சொன்னால் நாங்களே வந்து இலவசமாக மூடித் தருகிறோம் என்று ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினோம். யாரும் கூப்பிடவில்லை. இந்தக் காலத்தில் நோட்டீஸை யார் படிக்கிறார்கள், சின்னச் சின்ன வீடியோவாகப் போடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்குப் பத்திரிகை வடிவமைக்கத் தெரியும். அக்காவிடம் அவருடைய மகள் வாங்கிக் கொடுத்த நல்ல கைப்பேசி இருந்தது. அந்தத் தகுதியில் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம்.

முதல் வீடியோவை ராசிபுரம் பக்கம் ஒரு சோளக்காட்டில் எடுத்தோம். பாதி நேரம் அக்காவின் விரல் மறைத்தது. மீதி நேரம் என் நிழல் குழியின் மேல் விழுந்தது. பேசியது எதுவும் கேட்கவில்லை, காற்றுதான் கேட்டது. அதையெல்லாம் சரி செய்துகொள்ளலாம். ஆனால் எப்படி எடுத்தாலும் குழி குழியாகத் தெரியவில்லை.

“ஏனுங்க, இது தோசைக்கல்லு மாதிரியில்ல தெரியுது? இதைப் பாத்து யாருங்க பயப்படுவாங்க?” என்றார் அக்கா.

டார்ச் அடித்துப் பார்த்தோம். பக்கத்தில் தேங்காய்த் தொட்டி வைத்து எடுத்தோம். எதுவும் சரிவரவில்லை. அக்கா, சட்டையில் குத்துகிற சின்ன மைக்கைச் சணலில் கட்டிக் குழிக்குள் இறக்கினார். ஒரு கூழாங்கல்லைப் போடச் சொன்னார். பிறகு குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்து, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டோம். கல் ஒரு பக்கச் சுவரில் மோதியது. அடுத்த பக்கத்தில் மோதியது. மோதல் மெலிந்துகொண்டே போனது. பிறகு ஒன்றுமில்லை.

“விழுந்த சத்தம் வரவேயில்லையேக்கா” என்றேன்.

“விழுந்திருக்குமுங்க. நம்ம காதுக்கு எட்டலை, அவ்வளவுதான்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து தள்ளி நின்றோம். அன்றிலிருந்து எங்கள் வீடியோக்களில் குழியைக் காட்டுவது குறைந்தது. சத்தம்தான் பேசியது.

பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறவில்லை. குழியில் விழுந்து இறந்த ஒரு குழந்தையின் பழைய செய்திக் காட்சியைச் சேர்த்து, பின்னணியில் சோக இசை போடலாம் என்றேன். எல்லோரும் செய்வதுதானே என்றும் சொன்னேன்.

“அந்தப் புள்ளையப் பெத்தவ கையிலயும் ஒரு போன் இருக்குமில்லீங்க?” என்று அக்கா கேட்டார். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

திருச்செங்கோடு பக்கம் அக்காவின் பிறந்த ஊர். அவருடைய தம்பி துரைசாமி அங்கே விவசாயம் பார்க்கிறார். ஒன்றன்பின் ஒன்றாகப் போர் போட்டுப் பார்த்து எதிலும் தண்ணீர் கிடைக்காமல் ஓய்ந்திருந்தவர். கடைசியாகப் போட்ட குழியிலிருந்து, மண் சரியாமல் இருக்க வாயில் இறக்கிய கேசிங் பைப்பையும் உருவி எடுத்துவிட்டார். களத்துமேட்டை ஒட்டித் தரையோடு தரையாகத் திறந்து கிடந்தது அந்தக் குழி. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற குறுக்குவழி அது. நாங்கள் படம் எடுக்கப் போன அன்று துரைசாமி குழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஊரெல்லாம் எடுத்துட்டுக் கடைசியில இங்கயே வந்துட்டியா? காட்டுல தண்ணியில்லைன்னு நீயே ஊருக்குச் சொல்லீட்டா என் பையனுக்கு எவன்க்கா பொண்ணு தருவான்? மொதக் கேள்வியே தண்ணி எப்படீன்னுதான் கேக்கறாங்க.”

“படம் எடுக்கலை. மூடியாச்சும் போட்டுக்கறனே சாமி.”

“மூடி போட்டா மட்டும் தெரியாதா? மழை பேஞ்சா போர்ல தண்ணி ஊறும். நீ போ.”

திரும்பி வரும்போது அக்கா எனக்கும் தனக்கும் பொதுவாகச் சொல்வதுபோல், “அவன் சொல்றதும் நெசந்தானுங்க” என்றார். எடுத்திருந்த கொஞ்சத்தையும் அழித்துவிட்டார். ஆனால் தம்பி வெளியூர் போன ஒருநாள் தனியாகப் போய், ஒரு கருங்கல்லைப் புரட்டிக் குழியின்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த முறை நாங்கள் அந்த வழியாகப் போனபோது அந்தக் கல் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் கிடந்தது. துணி துவைக்க யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். குழியைச் சுற்றிப் புல் முளைத்து, வாய் பாதி மறைந்திருந்தது. அதற்குப் பிறகு மழை பெய்கிற நாளெல்லாம் அக்கா தம்பிக்குப் போன் போட்டார். துரைசாமி எடுக்கவில்லை. “எடுக்காட்டியும் பரவால்லீங்க. போன் அடிக்கறப்ப அந்தக் குழியை நெனைப்பானில்ல” என்பார்.

பல மாதங்கள் கழித்து ஒருநாள் மத்தியானம் தம்பியே கூப்பிட்டார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

“அக்கா, ஆட்டுக்குட்டி உள்ள உழுந்துருச்சு. கத்துது. வாக்கா.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துரைசாமியும் அவருடைய மகனும் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்து சில நாளே ஆன குட்டி. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் எங்கோ சிக்கியிருந்தது. கத்தும்போதெல்லாம் தாய் ஆடு குழியைச் சுற்றி ஓடியது. அதைப் பிடித்துக் கட்டினோம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியும் பயனில்லை. வந்தவர்களுடைய கொக்கியும் எட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளைகள் புத்தகப்பையோடு வரிசையாக நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. துரைசாமி அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அக்கா மைக்கை எடுக்கவில்லை. துரைசாமிதான் கேட்டார்.

“அந்தச் சத்தம் புடிக்கற சாமானம் எங்கக்கா? எறக்கு.”

சணலை அவரே பிடித்துக்கொண்டார். பொழுது சாயும்வரை பிடித்திருந்தார். குட்டியின் குரல் மெலிந்து, இடைவெளி நீண்டு, கடைசியில் வரவே இல்லை. அதற்குப் பிறகும் அவர் சணலை விடவில்லை. அக்காதான் விரல்களைப் பிரித்து வாங்கினார்.

“போடுக்கா. ஊர்ப் பேர் போட்டே போடு. என் பேரும் போடு.”

அந்த வீடியோவை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். படம் கிடையாது, இருட்டும் அந்தச் சத்தமும் மட்டும். முடிவில் ஒரு ஆண் குரல் வரும்: “இது என் காடுங்க. நான்தானுங்க மூடாம உட்டேன்.” அதை ஒட்டுவதற்குள் எனக்குக் கை ஓயவில்லை, மனசுதான் ஓய்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டு, எங்கள் காட்டிலும் ஒன்று கிடக்கிறது, வந்து மூடுங்கள் என்றார்கள்.

துரைசாமியின் மகனுக்குப் பேசி முடிக்கும் நிலையில் இருந்த சம்பந்தம் நின்றுபோனது. பெண் வீட்டார் காரணம் சொல்லவில்லை. துரைசாமியும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காதான் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். மூடி போட்டு முடித்த இடங்களில் மற்றவர்கள் சந்தோஷப்படும்போது இவர் மட்டும் சுற்றியிருக்கும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். “சொன்னவங்களோடதை மூடீட்டோம். சொல்லாதவங்களோடது அப்படியேதானுங்க கெடக்குது” என்பார். மேடு ஏறினால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. டாக்டரைப் பார்க்கச் சொன்னால், இந்த மழை முடியட்டும் என்றார். மழை முடியவில்லை.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது துரைசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

“ஏனுங்க, அக்கா உங்ககிட்ட எதாச்சும் சொல்லுச்சுங்களா? கெழபுறக் காட்டுல இன்னொரு போரு இருக்குதுங்க. எங்கப்பா போட்டது.”

“எந்த இடத்துல?”

“அதுதானுங்க தெரியலை. நான் அப்பச் சின்னப் பையன், மாமன் ஊட்டுல இருந்தேன். அக்காதான் கூட நின்னு பாத்துது. தண்ணி வரலைன்னு ஒரு பலகைக்கல்லை வெச்சு மண்ணைத் தள்ளீட்டாங்களாம். கடலைக்கொடி புடுங்குனதும் வந்து எடத்தைக் காட்டறேன்னு சொல்லியிருந்துச்சு.”

அந்தப் பலகைக்கல் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நானும் துரைசாமியும் கடப்பாரையால் தட்டித் தட்டி அந்தக் காட்டைச் சுற்றிவந்தோம். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான் வந்தது. உழவு ஓட்ட வந்த டிராக்டர்காரர் விஷயத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். துரைசாமி சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருக்கிறார்.

அக்காவிடமிருந்து நான் என்னோடு வைத்துக்கொண்டிருப்பது ஒரு பயம். வெறும் நிலத்தில் நடக்கும்போது இப்போதெல்லாம் காலை அழுத்தி வைப்பதில்லை. ஊன்றும் முன் ஒரு கணம் நிற்கிறேன். இது போய்விடக்கூடாது என்றே நினைக்கிறேன்.

அக்காவின் பிறந்த ஊரில் அவரோடு படித்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், போர் போட அந்த ரிக் வண்டி வந்த நாளைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கிழக்குப்புறக் காட்டில் அந்த இடம் எது என்று துரைசாமிக்குச் சொல்லுங்கள். அதுவரை யாரும் அந்தக் காட்டின் குறுக்கே நடக்கவேண்டாம். நேற்றும் அங்கே மழை பெய்தது. புல் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டதாம்.