காய்ச்சிய தேன்

எங்கள் வீட்டுத் தேன் கறுப்பு. போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தால்தான் உள்ளே ஒரு சிவப்பு ஓடுவது தெரியும். கறுத்த தேன்தான் நல்ல தேன் என்று கோப்பாய்ப் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வேலியோரத்து வேம்புகளுக்குக் கீழே ஆறு மண்பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவற்றுக்குள் தேனீக்கள் கூடு கட்டும். தேன் முற்றி, பூச்சிகள் அடையை மெழுகால் மூடும்வரை பொறுத்திருக்க அந்த நாட்களில் மனம் வராது. ஷெல் விழும் அதிர்ச்சியில் பூச்சிகள் கூட்டை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே பிழிந்துவிடுவேன். அந்தத் தேன் வெளிறிய மஞ்சளாகவும் தண்ணீராகவும் இருக்கும். போத்தலில் அடைத்தால் சில நாட்களில் பொங்கி மூடியைத் தள்ளும். அதனால் அடுப்பில் வைத்து நுரை அடங்கும்வரை காய்ச்சுவேன். காய்ச்சக் காய்ச்சக் கறுக்கும்.

வாங்க வருபவர்கள் தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசிப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்த தேன் என்றால் குச்சி பற்றாது. என் தேனில் தோய்த்த குச்சி ஒரு நாளும் பற்றாமல் இருந்ததில்லை. அதில் தண்ணீர் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் அடுப்பில் வற்ற வைத்துவிட்டேனே.

பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கும் ஒருவர் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிட வயது குறைந்தவர். ஊர் ஊராகத் தேன் வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாசலில் நின்றபடியே நெடுநேரம் விளங்கப்படுத்தினார். இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சுப்போல, உடம்பைக் காக்கும் சத்து தேனில் இருக்கிறதாம். பூவுக்குப் பூ அது மாறுமாம். இன்னும் ஏதேதோ சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் கதைத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

"இனிமேல் காய்ச்சாதேங்கோ அண்ணை. காய்ச்சினால் எல்லாம் போயிடும்."

"ஓம்."

எது போய்விடும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் போனதும் என் மனைவி சிரித்தாள்.

"என்ன விளங்கினது உங்களுக்கு?"

"நல்ல மனிசன்."

"அது எனக்கும் விளங்கினது. அவர் உங்கடை தலையை வெட்டித் தரச் சொன்னாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பியள்."

அவருக்குத் தேன் சோதனைக்கு, எனக்கோ அது போத்தலில் கெடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறையும் காய்ச்சினேன்.

பிறகு சண்டையில் தெற்கிலிருந்து சாமான் வரும் பாதை மூடப்பட்டது. சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை. ஒரு காலை நெல் அவித்துக்கொண்டிருந்தபோது அடுப்புக்கல் சரிந்து, கொதிநீர் முழுவதும் என் மனைவியின் வலது காலில் கொட்டியது. சைக்கிளில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காயத்துக்கு மருந்து கட்டுபவர் வெறும் துணிச்சுருளை எடுத்துக் காட்டினார்.

"பூசிறதுக்கு ஒண்டும் இல்லை. நல்ல தேன் கிடைச்சால் பூசிக் கட்டுங்கோ. அது புண்ணைப் பழுக்க விடாது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் மருந்து இல்லாமல் அலையும்போது என் வீட்டில் தேன் இருக்கிறதே என்ற நிம்மதி.

வீட்டில் இருந்தது முந்தின நாள் பிழிந்த ஒரு போத்தல், இன்னும் காய்ச்சாதது. விளிம்பில் நுரை கட்டியிருந்தது. அதை அப்படியே அவள் புண்ணில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுப்பை மூட்டினேன். பாயில் படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"காய்ச்ச வேண்டாம் எண்டு அந்த மனிசன் சொன்னவரெல்லே?"

"அது அவரின்ரை சோதனைக்கு. உனக்குச் சுத்தமாய் இருக்க வேண்டும்."

ஒரு கிருமியும் மிஞ்சக் கூடாது என்று இரண்டு தரம் காய்ச்சினேன். அவ்வளவு கறுப்பான தேனை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. ஆறவைத்து, கோழி இறகால் காலையும் மாலையும் பூசினேன்.

ஆறாம் நாள் புண்ணில் கெட்ட மணம் வந்தது. பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது, கால்விரல்கள் நிறம் மாறின. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து ஊன்றுகோலில் நிற்கப் பழகிய பிறகு, மிஞ்சியிருந்த கறுப்புத் தேனில் கொஞ்சத்தையும் பானையிலிருந்து அன்றுதான் பிழிந்த புதுத் தேனையும் எடுத்துக்கொண்டு அந்தப் படித்தவரிடம் போனேன். என் வாழ்க்கையில் நானாகப் போய் ஒருவரிடம் கேள்வி கேட்டது அன்றுதான்.

அவர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் புதுத் தேன், மற்றதில் காய்ச்சிய தேன். அரை மணித்தியாலம் இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் வைத்தார். பிறகு இரண்டிலும் ஒவ்வொரு துளி அயடீன் விட்டார். அது ஒரு சிறிய போத்தலின் அடியில் கொஞ்சமாகக் கிடந்தது. கஞ்சி மிஞ்சியிருந்தால் அது பட்டதும் நீலமாகுமாம்.

புதுத் தேன் இருந்த குழாயில் கஞ்சி முழுவதும் கரைந்துபோயிருந்தது, நீலம் வரவில்லை. என் கறுப்புத் தேன் இருந்தது மை ஊற்றியதுபோல் நீலமானது.

"கஞ்சியைக் கரைக்கிற சத்து இதிலை செத்துப்போச்சுது. புண்ணைக் கிருமியிலையிருந்து காக்கிறதும் சூடு தாங்காது. அதுவும் போயிருக்கும்."

"கறுப்பாய்த்தானே இருக்கு?"

"கறுப்பிலை வேற சத்து இருக்கலாம் அண்ணை. புண்ணுக்கு வேண்டியது அது இல்லை."

"காய்ச்சாமல் பூசியிருந்தால் கால் தப்பியிருக்குமோ?"

அவர் குழாயைக் கழுவப் போனார். திரும்பி வந்துதான் சொன்னார். "அப்பிடிச் சொல்ல ஏலாது அண்ணை."

தப்பியிருக்காது என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள்.

"என்னவாம்?"

"நல்ல தேன்தானாம்."

"பின்னை? உங்கடை தேனுக்கு என்ன குறை. என்ரை விதிதான் சரியில்லை."

அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. திருத்தலாம் என்று பல தடவை வாயெடுத்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது, அவளைச் சைக்கிளின் பின்னால் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். மழையும் சனமும். சைக்கிள் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் படுத்திருந்த பெண்ணுக்கு நடந்து நடந்து பாதம் கிழிந்து, சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது.

என் மனைவி தன் துணிமூட்டையை அவிழ்த்தாள். அதற்குள் சேலையில் சுற்றி ஒரு போத்தல். அவள் அதை எடுத்து வந்தது எனக்குத் தெரியாது. அவள் காலுக்குப் பூசி மிஞ்சிய அதே கறுப்புத் தேன்.

"இதைப் பூசு பிள்ளை. நல்ல தேன். பல்கலைக்கழகத்திலை சோதிச்சே சொன்னவை. என்னப்பா, சொல்லுங்கோவன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் கால் தப்பக்கூடும். சொன்னால் என் மனைவி தன் கால் இல்லாத இடத்தைக் குனிந்து பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"ஓம்" என்றேன்.

அந்தப் பெண் போத்தலைத் திறந்தாள். மறுநாள் அவர்கள் குடும்பம் வேறு இடம் தேடிப் போய்விட்டது. அந்தக் கால் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.