மதினி கொடுத்த பூதம்

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் என்னிடம் ஆறு பூதங்கள் இருந்தன. அம்மாவின் பழைய செல்போனில், பூதங்களைப் பிடித்து வளர்த்து மோதவிடுகிற ஒரு விளையாட்டு. ஓர் அணிக்கு ஆறு. நெருப்பு கக்குவது, மின்னல் விடுவது, பாறையைப் பெயர்த்து எறிவது என்று தேடித் தேடிச் சேர்த்திருந்தேன். பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். சண்டையில் இறக்கினால் இரண்டு நிமிடத்தில் மண்ணைக் கவ்வும். தோற்றபோதெல்லாம் நெட் சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

சமயநல்லூர் மாமாவின் மகளும் இதே கிறுக்கில்தான் இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் எனக்கு மதினி. அந்தக் கோடையில் ஆரப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பூதச் சண்டைப் போட்டி வைப்பதாகச் சொன்னார்கள். எங்கள் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று என்னைக் கேட்டவர்கள் அவர்கள்தான். அந்த மூஞ்சிகளுக்கு முன்னால் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

மதினி என் அணியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆறும் அடிக்கிறதாவே இருந்தா அடி வாங்குறது யாருடி?"

அடி வாங்குவதற்கென்றே அவளிடம் ஒரு பூதம் இருந்தது. ஆமைக்குப் பலாப்பழத் தோலைப் போர்த்தியது போல இருக்கும். அதற்கு ஒழுங்காக அடிக்கத் தெரியாது. முன்னால் போய் நின்று எல்லா அடியையும் தான் வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவை தெம்பைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரே அடியில் முடித்துவிடும். ஒரு வருடமாக அதை வளர்த்து வைத்திருந்தாள்.

"இது என் சீரு. எங்கப்பா கொண்டாறதெல்லாம் ஒந்தம்பி காதுகுத்துக்கு. இது ஒனக்கு" என்றாள்.

ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். என்னிடம் இருந்ததிலேயே உருப்படாத, பறக்கத் தெரியாத வௌவால் ஒன்றை அவள் தலையில் கட்டினேன். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். பலாப்பழ ஆமை வந்த பிறகு என் அணியே வேறாகிவிட்டது. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ஜெயித்தேன். நெட்டும் சரியாகிவிட்டது.

போட்டிக்கு முந்தின வாரம் தம்பிக்குக் காதுகுத்து. கீழக்குயில்குடிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பந்தல் போட்டு, வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. படத்தில் தம்பி கூலிங் கிளாஸ் போட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அப்பா, பெரியப்பா, சித்தப்பா, சித்தப்பாவின் நண்பர்கள் அத்தனை பேரும் கைகூப்பிச் சிரித்தார்கள். தாய்மாமனை மட்டும் காணோம். உற்றுப் பார்த்தால் கீழே ஓரத்தில், பந்தல்காரர் பெயருக்கு மேலே, ஒரு தபால்தலை அளவுக்கு மாமா இருந்தார்.

மாமா மேளத்தோடு வந்தார். தட்டுத் தட்டாகச் சீர், கிடாய், தம்பிக்குச் சங்கிலி, அம்மாவுக்குப் பட்டு. ஃபிளெக்ஸுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மேளமும் நின்றது.

"எம்மடியில வச்சுக் குத்துற காதுக்கு எம்மொகம் எங்க மாப்ள?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா பதில் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சித்தப்பா முந்திக்கொண்டார்.

"அம்புட்டுப் பெரிய ஆளுன்னா போட்டோவையும் பெருசா அனுப்பியிருக்கணும்ல?"

அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் பேசினார்கள். அம்மா மட்டும் இரண்டு பக்கமும் ஓடி ஓடி, "அண்ணே, விடுண்ணே" என்றும் "ஏங்க, சும்மா இருங்க" என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் அவளைத்தான் திட்டினார்கள். மாமா சீரை இறக்கி வைத்துவிட்டு, கை நனைக்காமல் குடும்பத்தோடு போய்விட்டார். தம்பிக்குப் பெரியப்பா மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அவன் அழுத அழுகையில் மற்ற சத்தம் கொஞ்சம் அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "அவுங்க வீட்டுப் பொருள் ஒரு குண்டுமணிகூட இங்க இருக்கக் கூடாது" என்றார். அம்மா தட்டுகளைக் கட்டினாள். பட்டை மட்டும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். நான் அப்பாவிடம் போய், "போன்ல இருக்கிறதையுமாப்பா?" என்று கேட்டேன். என்ன ஏதென்று கேட்காமல், "எல்லாத்தையும்தான்" என்றார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போது நானும் எங்கள் வீட்டுக் கட்சிதானே.

ஆமையைத் திருப்பி அனுப்பினேன். மதினி ஏற்கவில்லை. மறுபடி அனுப்பினேன், அதையும் தள்ளிவிட்டாள். அந்த விளையாட்டில் பேச வழி கிடையாது. போனில் கூப்பிடலாம் என்றால் அதற்கும் வீட்டில் தடை. கடைசியில் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு என் வௌவாலை அனுப்பினாள். அது இப்போது பறந்தது. அவள் அதை முழுதாக வளர்த்திருந்தாள். இருந்த ஆத்திரத்தில் அதை மூலையில் போட்டுவிட்டு, இன்னொரு நெருப்புப் பூதத்தை அணியில் சேர்த்தேன்.

போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். என் வகுப்புப் பையனிடம்தான். அடி வாங்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாக விழுந்தன. வீட்டுக்கு வந்து அடுப்படியில் அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, மதினி கொடுத்தது மட்டும் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று தேம்பினேன். என் தலையைத் தடவிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என்னைவிட அதிகமாக அழுதாள்.

சமயநல்லூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் ஏறவேயில்லை. எனக்கு அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. நான் தோற்றதற்கு அம்மா இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்:

"அழாதம்மா. அது போனா என்ன, வேற ஒண்ணப் பிடிச்சு வளத்துக்கலாம்."