தரகனுக்குப் போட்ட விருந்து

எனக்கு எழுபத்தாறு வயசு, நாலு பிள்ளை வளர்த்தவள். சந்தையில் மாடு பார்த்து வாங்க ஊரே என்னைத்தான் கூப்பிடும். அப்படிப்பட்ட என் தலையிலேயே வயிறு புடைத்த பசுவைக் கட்டினான் ஒரு தரகன். மறுநாளே வயிறு வற்றி விலா எலும்பு தெரிந்தது. ஊர் சிரித்தது.

மாட்டு டாக்டரம்மா சொன்னார்: "உப்பைத் தின்ன வெச்சிருக்காங்க. ரத்தத்துல உப்பு ஏறுனா மூளைச் செல்லு தண்ணி வத்திச் சுருங்கும். உடனே அதுல இருக்கற குட்டிக் கதவு திறந்து, தாகம்னு சேதி போகும். குடம் குடமாக் குடிச்சிருக்கும்."

அவனை விருந்துக்கு அழைத்தேன். கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய். ஒரு பிடி பிடித்தான்.

"அக்கா, தண்ணிங்க!"

சொம்பை நகர்த்திக்கொண்டேன். "கதவு திறந்துருச்சுங்களா? மாட்டுக்குச் செஞ்சதை வாசல்ல நின்னு சொல்லுங்க."

தெருவே கேட்கக் கத்தினான்: "உப்புப் போட்டுத்தான் வயித்தை ரொப்புனேனுங்க!"

அவன் தவிப்பைப் பார்த்துதான் பசு பட்ட பாடு புரிந்தது. பாவம் பசுதான், அவனில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைத் திருப்பிப் படி சாமி. அவன் கத்துனதை மட்டும் சத்தமா.