ஸ்கிராப் வண்டியில் ஏறிய போர்டிங் பாஸ் புத்தகங்கள்

என் மச்சினனின் வேலையைக் கெடுத்தது நீங்கள்தான். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் செக்-இன் கம்ப்யூட்டர்களை மாற்றும் வேலைக்கு அதிகாரியாக இருந்தீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

நான் அங்கே கான்ட்ராக்டில் கேபிள் இழுத்தவன். அதற்கு முன் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியதும் மலையை விட்டு இறங்கினேன். என் மச்சினன் அதே ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போட்டவன். அவன் இறங்கவில்லை. ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்கிக்கொண்டே கல்ஃபில் ஒரு பாய்லர் வேலை வாங்கினான். டிக்கெட் கிடைத்தது விசா முடிகிற நாளில்தான். அன்று ஏறாவிட்டால் வேலை இல்லை.

நீங்கள் புது சிஸ்டத்தைத் தொடங்கக் குறித்த நாளும் அதுதான்.

அங்கே எல்லா விமானக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரே சிஸ்டம். நின்றால் எல்லாக் கவுண்டரும் நிற்கும். பழைய சிஸ்டம் அடிக்கடி நின்றது. நின்றால் கவுண்டர் பெண்கள் டிராயரிலிருந்து வெற்று போர்டிங் பாஸ் புத்தகத்தை எடுத்து, கையால் எழுதிக் கிழித்துக் கொடுப்பார்கள். நான் பார்த்தவரை அதனால் யாரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை.

முந்தின நாள் அந்தப் புத்தகங்களையும் பழைய கம்ப்யூட்டர்களோடு ஸ்கிராப் வண்டியில் ஏற்றச் சொன்னீர்கள். மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், கவுண்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றீர்கள்.

"சார், எங்க ஃபேக்டரியில புது மெஷின் மாட்டுனா, ஒரு சீசன் கொழுந்து ஓட்டிப் பாக்கற வரைக்கும் பழசக் கழட்ட மாட்டோமுங்க," என்றேன்.

"அதான் உங்க ஃபேக்டரி மூடிக் கெடக்குது," என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானே மூட்டை கட்டினேன், நானே ஏற்றினேன். அதை மறைக்கவில்லை.

மறுநாள் வரிசை பாதி நகர்ந்தபோது எல்லாத் திரைகளும் ஒன்றாக உறைந்தன. என் மச்சினனுக்கு முன்னால் நாலு பேர். நான் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன்.

"ஏனுங் மாமா, நீங்க மாட்டுன பொட்டிதானுங்களே? நம்ம சொந்தக்காரன்னு சொல்லிப் பாருங்க," என்றான். அப்போது அவனுக்குப் பயம் வரவில்லை.

கவுண்டர் பெண் டிராயரைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "அண்ணா, புக்கு எங்கீங்க?" என்று என்னிடம் கேட்டாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றீர்கள்.

பதினோரு பேரை விட்டுவிட்டு விமானம் போய்விட்டது.

இன்னொரு விசா கிடையாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். மச்சினன் இப்போது ஊட்டிக்குப் பக்கத்தில் இத்தலாரில், கூப்பிட்ட நாளுக்குக் கேரட் காட்டில் கூலி வேலைக்குப் போகிறான். என்னைத் திட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அந்தப் புக்கு மூட்டைய நீங்கதான கட்டுனீங்க?"

ஒரு வாரம் கழித்து உங்கள் அறிக்கை நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. சிஸ்டம் நன்றாக ஓடியதாம். பதினோரு பயணிகள் தாமதமாக வந்தார்களாம். முந்தின நாள் கடைசி பஸ்ஸில் மலையிறங்கி, விடிவதற்கு முன்பே வாசலில் நின்றவன் என் மச்சினன்.

வேலை திரும்பி வராது, தெரியும். அந்தத் தாளை எல்லாரும் படிக்கத்தானே ஒட்டினீர்கள்? அதே போர்டுக்கு முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அவன் எத்தனை மணிக்கு வந்தான்? புத்தகங்களை ஏற்றச் சொன்னது யார்?