செல்லம்மாவின் அசில் ஜோடி

சென்னையில் இருக்கும் மகள் நேற்று ஒரு வீடியோ அனுப்பினாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு அசில் சண்டைச் சேவல் கேமராவை முறைக்கிறது. பின்னால் ஒருவர் தெலுங்கில், ஒரிஜினல் ஜாதி, எந்த ஊருக்கும் அனுப்புவோம் என்கிறார். கூடவே மகளின் கேள்வி: "நைனா, மாடியில ரெண்டு வளக்கலாம்னு கீறேன். இந்த ஆள நம்பலாமா?" யாரை நம்பலாம் என்று என்னிடம் போய்க் கேட்கிறாளே.

பிராய்லர் ஷெட்டில் உமி ஊறி எழும் வாடை உங்களுக்குத் தெரியுமா? கண்ணை எரிக்கும். என் முதல் வேலை அந்த வாடையில்தான். சித்தூர்ப் பக்கம் கடலைக் கொல்லைகளில் எல்லாம் ஷெட் முளைத்த தொண்ணூறுகளில், ஒரு கோழிக் கம்பெனிக்கு நான் சூப்பர்வைசர். ஒரு மொபெட், ஒரு பை தடுப்பு மருந்து. யாராவது "டாக்டர் சார்" என்று கூப்பிட்டால் திருத்தவே மாட்டேன். நாற்பது நாளில் தராசுக்குப் போகும் வெள்ளைக் கோழிகளைப் பார்த்து அலுத்துப்போய், சொந்தமாக அசில் வளர்க்கும் பைத்தியம் பிடித்தது. திருப்பதி சந்தையில் காட்டியதெல்லாம் கலப்பு. ஒரு சேவலின் காலைத் தடவிப் பார்த்தேன், விரலில் மஞ்சள் ஒட்டியது; ஒரிஜினலாகக் காட்டப் பூசியிருந்தார்கள்.

விசாரித்தபோது எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் ஒரு கிராமம், செல்லம்மா, கூலி வேலைக்குப் போகிறவள். இரண்டு சேவலும் ஏழெட்டுக் கோழியும்தான் வைத்திருந்தாள். அவள் மாமியார் காலத்திலிருந்து வெளிக்கோழி கலக்காத ஜாதி.

தேடிப் போய் விலை கேட்டதும் கையமர்த்தினாள். "மொதல்ல மூணு நாளு வேற கோழி மூஞ்சில முழிக்காம இரு தம்பி. அப்பால குளிச்சிட்டு, தொவச்ச துணி கட்டிக்கினு வா. பேசிக்கலாம்."

திருப்பதி மலைக்கு நடக்கிறவர்கள்கூட இத்தனை விரதம் இருப்பதில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கிருமி என்ற சொல் இல்லாமலே அவள் சொன்னது, ஷெட் ஷெட்டாகப் போய் நான் ஒப்பித்த அதே பாடம்தான். படித்த மண்டையில் அன்றைக்கு அது ஏறவில்லை.

லீவு போட்டு இரண்டு நாள் இருந்தும் விட்டேன். மூன்றாம் நாள் காலை ஒரு ஷெட்காரர் வாசலில் வந்து நின்றார். "சார், கோழிங்கெல்லாம் கழுத்த திருப்பிக்கினு உழுது. உடனே வாங்க." போனேன். வெள்ளைக்கழிச்சல், செருப்பு மண்ணில்கூடத் தொற்றிப் பரவும் கோழிக் கொள்ளைநோய். திரும்பி வந்து குளித்தேன், சட்டையை மாற்றினேன். செருப்பை மாற்றவில்லை. லீவு அன்றோடு முடிகிறது, விட்டால் பிடிக்க முடியாது என்று அவசரம்.

செல்லம்மா வாசல் படலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு நாளு ஆச்சா?"

"ஆச்சுக்கா."

"நிஜமா?"

"நிஜமாக்கா."

வழி விட்டாள். ஒரு சேவலையும் ஒரு கோழியையும் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் என் சேவலுக்குக் கழுத்து திருகியது. சாயங்காலத்துக்குள் இரண்டும் போய்விட்டன. தடுப்பு மருந்தை ஐஸோடு பிளாஸ்கில் போட்டுக்கொண்டு மறுநாள் செல்லம்மா ஊருக்கு முதல் பஸ் பிடித்தேன். கைகாட்டிய இடத்திலெல்லாம் அது நின்றது. டிரைவரைத் திட்டினேன், என்னை அதைவிட அதிகமாகத் திட்டிக்கொண்டேன். நோய் வந்த பிறகு அந்த மருந்தால் பிரயோஜனம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் கையெல்லாம் மண். ஆறு கோழிகளைப் புதைத்துவிட்டிருந்தாள். மிச்சம் இருந்தவை மூலையில் தலை தொங்கிக் கிடந்தன. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"ஒன் ஜோடி நல்லாகீதா தம்பி?"

உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "நல்லாகீதுக்கா. நல்லா துன்னுது."

"அது போதும். ஒங்கையில குடுத்ததால எங்க ஜாதி பொழச்சுது" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு கூசிப்போனதில்லை.

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த கோடையில் செல்லம்மா தன் மகனோடு கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போனாள். போகும்போது பஸ் கண்டக்டரிடம் ஒரு மூங்கில் கூடையை எனக்குக் கொடுத்தனுப்பினாள். "குஞ்சு பொரிச்சா இதுல மூடி வெக்கச் சொல்லு, காக்கா தூக்கிரும்" என்று சொன்னாளாம்.

இப்போது அவள் குடிசை இருந்த இடத்தில் மாங்கூழ் ஆலையின் லாரிகள் நிற்கின்றன. அந்த ஜாதி சித்தூரில் இல்லை, திருப்பதியில் இல்லை, எங்கேயும் இல்லை. பெங்களூரில் எங்கோ செல்லம்மா ஒருத்திதான், அது என் வீட்டு வாசலில் மேய்ந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள்.