கண்ணாடிப் படகு

எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. எல்லாம் என் கைங்கரியம். நான் சமையலறைக்குள் நுழைந்தாலே அம்மா, "எவர்சில்வர எடு, கண்ணாடிப் பக்கம் போகாத" என்பாள். அப்படிப்பட்டவளிடம் வந்து, அடியில் கண்ணாடி பதித்த படகில் கடலுக்குப் போகப்போகிறோம் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னவர் என் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெங்களூரில், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வைட்ஃபீல்டில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வரவே பாதி நாள் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷன் வாசலைத் தாண்டமாட்டார். அவர்தான் அன்றைக்குக் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, வரிசையாக வட்டங்கள் வரைந்தார். பார்க்க இட்லித் தட்டு மாதிரி இருந்தது. மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கடலில் இருக்கிற தீவுகளாம். அந்தக் கடலே ஒரு தேசியப் பூங்காவாம். எனக்குத் தெரிந்த பூங்கா கப்பன் பார்க். அங்கே புல் உண்டு, சுண்டல் உண்டு, விழுந்தால் முட்டிதான் தேயும். விழுந்தால் மூழ்கிப்போகிற பூங்காவை யார் கண்டுபிடித்தார்களோ!

மொத்தம் மூன்று நாள். மதுரைவரை ரயில், அப்புறம் பஸ், சனிக்கிழமை காலை படகு. ஒரு தீவில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். "உக்காந்த இடத்துலயே காலுக்குக் கீழ மீனு, பவளப்பாறை எல்லாம் தெரியும்" என்றார் அப்பா.

"சக்கத்தா இருக்கும்பா, சூப்பர்!" என்று குதித்தான் அண்ணன். அவனுக்குப் பன்னிரண்டு வயது, என்னைப் பயமுறுத்துவதே அவன் பிழைப்பு. அன்று சாயங்காலமே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பெரிய மீனுங்க கீழேர்ந்து வந்து கண்ணாடிய முட்டும். மொத தடவை ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது தடவைதான்..." என்று பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். பாவி.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அம்மா. மைசூருக்குக் கூப்பிட்டாலே "பஸ்ல வாந்தி வரும், நீங்க போயிட்டு வாங்க" என்கிறவள் அவள். லீவு விட்டால் என் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அம்மாவின் ஊருக்குப் போவார்கள். நாங்கள் மட்டும் ஓசூரில் அத்தை வீட்டுக்குப் போவோம். அம்மாவுக்கு ஊர் எது என்று கேட்டால், "இதான்" என்று ஜன்னலைக் காட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் கடலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் காத்திருந்தேன். அவளோ அப்பா வரைந்த வட்டங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்து, "இதுலதான் எறக்குவாங்க" என்றாள். அவ்வளவுதான். இருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று.

அந்த வாரம் முழுக்க அப்பா யார் யாருக்கோ போன் பண்ணினார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "சனிக்கிழமை காலைப் படக ஓட்டறது யாரு? அவரேதானா? நிச்சயமா?" ஓட்டுகிறவர் மேல் அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை என்றல்லவா எனக்குப் பட்டது! அம்மாவிடம் போய், "அந்த ஆளுக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "அவரு நல்லாத்தான் ஓட்டுவாரு. பயப்படாத பிள்ள" என்றாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. என்னை அவள் 'பிள்ள' என்று கூப்பிட்டதும் அதுவே முதல் தடவை.

விஷயத்தைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். குளியலறை வாளியில் தண்ணீர் நிரப்பி, வீட்டில் மிச்சமிருந்த ஒரே கண்ணாடி டம்ளரை அதில் மிதக்கவிட்டு, மீன் முட்டுகிற மாதிரி அடியில் கையால் இடித்தேன். டம்ளர் கவிழ்ந்து, உள்ளே போய், வாளியின் அடியில் மோதி உடைந்தது. முதல் இடியிலேயே. அண்ணன் சொன்னதுகூடப் பொய், இரண்டாவது தடவையே தேவையில்லை. அம்மா வந்து சில்லுகளைப் பொறுக்கினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டாத அம்மாவைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அம்மா கடைக்குப் போய் ஒரு புது வேட்டியும் துண்டும் வாங்கி வந்து பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அப்பா வீட்டில் லுங்கி, வெளியே பேன்ட். வேட்டி கட்டி நான் பார்த்ததேயில்லை. யாராவது தண்ணீரில் விழுந்தால் வீசி இழுக்கத்தான் இது என்று புரிந்துகொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் அப்பா, ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் சரிபார்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். அட்டை இல்லாதவர்களைப் படகில் ஏற்ற மாட்டார்களாம். எனக்குக் கடவுளே கண்ணைத் திறந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா வராமல் எங்கள் வீட்டில் யாரும் வெளியூர் போனதே இல்லை. அவள் அட்டை ஒன்று போதும். அதை உருவி, போன வருடத்துக் கன்னட நோட்டுக்குள் செருகி, பரண்மேல் பழைய பேப்பரோடு வைத்துவிட்டேன். அந்த நோட்டைப் படிக்கிற காலத்திலேயே நான் திறந்ததில்லை. வேறு யார் திறக்கப்போகிறார்கள்? சனிக்கிழமை தாண்டியதும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. அம்மா தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே, "ஊருக்குப் போறப்ப வீடு சுத்தமா இருக்கணும்" என்றாள். பரண் காலியாக இருந்தது. பழைய பேப்பர்காரருக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டாளாம். என் நோட்டுகளையும் சேர்த்து.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து உறையைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் வீட்டையே புரட்டினார்கள். பீரோவைத் தள்ளினார்கள், அரிசியைக் கொட்டிப் பார்த்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன், வெட்கமில்லாமல். பேப்பரோடு போயிருக்குமோ என்று அம்மாவே சொன்னாள். அப்பா சிவாஜிநகரில் இருந்த பழைய பேப்பர் கடைகள் அத்தனையிலும் ஏறி இறங்கிவிட்டு, கை இரண்டும் கறுத்துப்போய் வந்தார். மண்டபத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. வேறு ஏதாவது அட்டை இருக்கிறதா என்று கேட்டார்களாம். அம்மாவிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"பரவால்லங்க. அடுத்த லீவுக்குப் போலாம்" என்றாள் அம்மா. தலையிலிருந்த பூவை எடுத்து சாமி படத்துக்கு வைத்தாள். நான் அன்றைக்கு நான்கு தோசை சாப்பிட்டேன்.

அடுத்த லீவுக்கு யாரும் தீவுப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபின், ஒரு நாள் அப்பாவும் நானும் மெட்ரோவில் வைட்ஃபீல்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தப் படகுப் பயணத்தைப் பற்றிச் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் படக ஓட்டினது உங்க தாத்தா."

அப்பாவைக் கட்டிக்கொண்டு அம்மா பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து தாத்தா அவளிடம் பேசவில்லையாம். அண்ணன் பிறந்தபோது கைக்குழந்தையோடு போய் நின்றிருக்கிறாள். முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டாராம்.

"வீட்டுக்குப் போனா கதவு இருக்கு. ரோட்டுல பாத்தா திரும்பிப் போயிடலாம். நடுக்கடல்ல எங்க போவாரு? படக விட்டுட்டு எழுந்து போக முடியுமா? போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பொண்ணும் பேரப்பிள்ளைங்களும் எதிர்லயே உக்காந்திருப்பீங்க. ஒரு வார்த்தையாவது பேசித்தானே ஆகணும்னு நினைச்சோம்" என்றார் அப்பா.

"அப்புறம் ஏம்ப்பா அடுத்த லீவுக்குப் போகல?"

"அதுக்குள்ள அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு. படக விட்டுட்டாரு. வீட்டோட இருந்துட்டாரு."

அதற்குப் பிறகு தாத்தா ஆறு வருடம் உயிரோடு இருந்தார். அந்த ஆறு வருடமும் கதவு திறக்கவில்லை.

அந்த வேட்டி இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. மடிப்பில் பழுப்பேறிவிடக் கூடாதென்று வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் உதறுவாள். இந்தப் பொங்கலுக்கும் உதறினாள். "பாத்துப் பிடி பிள்ள" என்று ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். யாருக்கு வாங்கியது என்று நான் கேட்பதில்லை. அட்டை எப்படி உறையை விட்டுப் பரணுக்குப் போனது என்று அவளும் இதுவரை கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு வருடமும் பயந்துகொண்டேதான் அந்த முனையைப் பிடிக்கிறேன். இந்தப் பயத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடிப் படகெல்லாம் ஒன்றுமேயில்லை.